வெள்ளை வண்டிகள் விரைந்த இரவு

போருக்குச் செல்லும் படை தன் ஊர்திகளுக்கு மண் நிறமோ இலை நிறமோ பூசுகின்றது. எதிரியின் கண்ணில் படலாகாது என்பதே நோக்கம். ஐக்கிய நாடுகள் சபையின் அமைதிப்படையோ தன் ஊர்திகளுக்கு வெள்ளை பூசி, அதன்மேல் கறுப்பு எழுத்துகளில் சபையின் பெயரைப் பொறிக்கின்றது. 'நாங்கள் எவருக்கும் பகைவர் அல்லர்' என்பதைக் காண்போர் உணர வேண்டும் என்பதே காரணம். அந்த வெள்ளை நிறம் காவல் தராமற்போன ஓர் இரவைப் பற்றி நம் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது.

1991 ஜனவரியில் சோமாலியாவின் அதிபர் சியாத் பர்ரே வீழ்த்தப்பட்டார். ஆட்சிக்காகக் குலத்தலைவர்கள் மோதிக்கொண்டனர். 1992ஆம் ஆண்டின் பஞ்சத்தில் மக்கள் கொத்துக் கொத்தாக மடிந்தனர். துறைமுகத்தில் இறங்கிய உணவு மூட்டைகள் வழியிலேயே கொள்ளை போயின. அவற்றுக்குக் காவலாக 1992 டிசம்பரில் அமெரிக்கா தலைமையிலான படை வந்து இறங்கியது. 1993 மே மாதத்தில் பொறுப்பு ஐ.நா. படையிடம் வந்தது. பாகிஸ்தான், மலேசியா முதலிய முஸ்லிம் நாடுகளின் வீரர்களும் அப்படையில் இருந்தனர்.

1993 ஜூன் 5 அன்று தலைநகர் மொகதிஷுவில் ஆயுதக் கிடங்குகளைப் பார்வையிடச் சென்ற பாகிஸ்தானியர் தாக்கப்பட்டு, 24 பேர் உயிரிழந்தனர். குற்றவாளிகளைப் பிடிக்குமாறு பாதுகாப்புச் சபை ஆணையிட்டது. முஹம்மது ஃபாரா ஐதீதைத் தேடும் வேட்டை தொடங்கியது. ஜூலை 12 அன்று குலப் பெரியவர்கள் கூடியிருந்த ஒரு வீட்டை அமெரிக்க ஹெலிகாப்டர்கள் தாக்கின, பலர் மாண்டனர். உணவுக்குக் காவலாக வந்த படை, ஊர்மக்கள் பார்வையில் சண்டையின் ஒரு தரப்பாகவே மாறிவிட்டது.

இந்நிலையில் அக்டோபர் 3 பிற்பகலில், ஐ.நா. தலைமையின் கீழ் வராத அமெரிக்கச் சிறப்புப் படையொன்று, ஐதீதின் துணைவர்களைப் பிடிக்கப் பகாரா சந்தைப் பகுதியில் இறங்கியது. மலேசிய, பாகிஸ்தானியத் தளபதிகளுக்கு முன்னறிவிப்பு எதுவும் இல்லை. இரண்டு ஹெலிகாப்டர்கள் சுட்டு வீழ்த்தப்பட, ஏறத்தாழ 100 அமெரிக்க வீரர்கள் சூழப்பட்டனர். அவர்களை மீட்கக் கவசமில்லாத லாரிகளில் புறப்பட்டவர்கள் குண்டுமழையில் திரும்ப நேர்ந்தது. சென்ற மாதந்தான் அமெரிக்கத் தளபதி டாங்கிகளும் கவச வண்டிகளும் கேட்டிருந்தார். பாதுகாப்பு அமைச்சர் லெஸ் ஆஸ்பின் அக்கோரிக்கையை ஏற்கவில்லை. ஆகவே வல்லரசின் படை, மலேசியாவிடமும் பாகிஸ்தானிடமும் வண்டிகளைக் கேட்டு நிற்க வேண்டியதாயிற்று.

மலேசியாவிடம் இருந்தவை 'காண்டோர்' என்னும் ஜெர்மானியக் கவச வண்டிகள். நான்கே சக்கரங்கள், எடை ஏறத்தாழ 12 டன். அதன் இரும்புத் தகடு துப்பாக்கிக் குண்டைத் தாங்கும். தோளில் வைத்து ஏவும் ராக்கெட் குண்டைத் தாங்காது. அக்குண்டு வெடிக்கையில் அதனுள் இருக்கும் கூம்பு வடிவ உலோகத் தகடு, ஊசி போன்ற தாரையாகப் பாய்ந்து இரும்பைத் துளைத்து உள்ளிருப்போரைத் தாக்கும். மொகதிஷுவின் சந்துகளில் அத்தகைய குண்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. பாகிஸ்தானிடம் இருந்தவை 45 டன்னுக்கும் மேல் எடையுள்ள 'எம் 48' என்னும் பழைய அமெரிக்க டாங்கிகள் நான்கு.

இரவு 11 மணிக்குப் பின் வண்டித்தொடர் புறப்பட்டது. தொடக்கத்தில் டாங்கிகள் முன்செல்ல, ஏறத்தாழ 30 காண்டோர்கள் பின்தொடர்ந்தன. மலேசியக் காலாட்படையினர் இறங்கி அமெரிக்கர்களுக்கு இடம் கொடுத்தனர். ஆயினும் ஓட்டுநர்களும் சுடுநர்களும் வண்டித்தலைவர்களும் மலேசியர்களே. தெருவெங்கும் தடுப்புகள், இருபுறமும் துப்பாக்கிகள். வழிதவறிச் சென்ற வண்டிகள்மீது ராக்கெட் குண்டுகள் பாய்ந்தன. மாட் அஸ்னான் அவாங் என்ற மலேசிய வீரர் அங்கே உயிர்நீத்தார். அவருடைய தோழர்கள் பலர் காயமுற்றனர். நள்ளிரவு கடந்து ஏறத்தாழ 2 மணிக்கு வண்டிகள் இலக்கை அடைந்தன. சுபுஹு வேளைக்குப் பின்னரே அனைவரும் வெளியேற முடிந்தது. வண்டிகளில் இடம் போதாமல் சிலர் ஓடியே தப்பினர். அவர்கள் அடைக்கலம் புகுந்த விளையாட்டரங்கம் பாகிஸ்தானியரின் முகாம் ஆகும்.

அச்சண்டையில் 18 அமெரிக்கர் மாண்டனர். நூற்றுக்கணக்கான சோமாலியரும் மாண்டனர். அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் உண்டு. 18 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டன; அந்நூற்றுக்கணக்கானோரின் சரியான தொகைகூட உலகிடம் இல்லை. 2001இல் வெளிவந்த 'பிளாக் ஹாக் டவுன்' என்னும் ஹாலிவுட் படத்தில் மலேசிய, பாகிஸ்தானிய வீரர்களுக்குக் கிடைத்த இடம் மிகச் சொற்பம். மாட் அஸ்னானுக்கு அவருடைய நாடு தன் மிக உயர்ந்த வீர விருதை மறைவுக்குப் பின் வழங்கியது. 2023இல் 'மல்பாட்' என்னும் மலேசியத் திரைப்படம் அவ்வீரர்களின் பங்கை எடுத்துரைத்தது.

1995 மார்ச் மாதத்தில் ஐ.நா. படை சோமாலியாவை விட்டு அகன்றது. தமக்குச் சொல்லாமலே தொடங்கப்பட்ட சண்டையில், பிறர் உயிரைக் காக்கத் தம் உயிரைப் பணயம் வைத்த அந்த ஓட்டுநர்களின் துணிவு போற்றுதற்குரியது. ஆயின் அவர்கள் அவ்விரவில் அங்குச் செல்ல நேர்ந்ததற்குக் காரணம் என்ன என்பதையும் நாம் சிந்திக்க வேண்டும். ஊர்மக்களின் நம்பிக்கை இருந்த நாளில் வெள்ளை வண்ணமே கவசமாக இருந்தது. அந்நம்பிக்கை ஜூலையிலேயே உடைந்துவிட்டது. அதன்பின் எஞ்சியது வண்டியின் இரும்பு ஒன்றுதான், அதுவும் போதவில்லை.