கல்லாவில் பணம் குறைந்தால் பொய் காட்டும் கருவி உதவுமா?

இரவு கடை சாத்தும் நேரத்தில் கல்லாவை எண்ணும்போது ஐந்நூறு ரூபாய் குறைந்தால் முதலாளியின் பார்வை முதலில் கடை ஆள் மேல்தான் விழுகிறது. செஞ்சியில் அவர் பெரும்பாலும் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். "நான் எடுக்கலைங்க முதலாளி" என்கிறார். நம்புவதா, கூடாதா? கூட்டு வியாபாரம் செய்யும் அண்ணன் தம்பிக்குள்ளும், மாமன் மச்சானுக்குள்ளும் இதே நெருடல் வருவதுண்டு. "பொய் கண்டுபிடிக்கிற மிஷினில் உட்கார வைத்தால் தெரிந்துவிடும்" என்று யோசனை சொல்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள்.

அந்தக் கருவிக்குப் பொய் தெரியாது. மூச்சின் வேகம், இரத்த அழுத்தம், தோலில் ஊறும் வியர்வை ஆகியவற்றை மட்டுமே அது அளக்கும். 1921-ல் அமெரிக்காவில் ஜான் லார்சன் என்பவர் இதை அமைத்தார். நம் நாட்டில் அதற்கு வெகுகாலம் முன்பே, சந்தேகப்பட்டவர் வாயில் அரிசியைப் போட்டு மெல்லச் சொல்லும் வழக்கம் இருந்ததாகச் சொல்வார்கள். பயத்தில் எச்சில் வறண்டு, அரிசி உலர்ந்தபடியே வெளியே வந்தால் அவர்தான் திருடர். தப்பே செய்யாதவருக்கும் பயத்தில் வாய் வறளுமே! அரிசிக்கு இருந்த அதே குறை மின்சாரக் கருவிக்கும் இருக்கிறது. நெஞ்சழுத்தம் உள்ளவர் தப்பித்துக்கொள்வார். அமெரிக்க உளவுத்துறையில் இருந்துகொண்டே ரஷ்யாவுக்கு வேலை பார்த்த ஆல்ட்ரிச் ஏம்ஸ், 1986, 1991 ஆகிய இரு ஆண்டுகளிலும் இச்சோதனையில் தேறி, 1994-ல்தான் பிடிபட்டார்.

வியாபாரக் கணக்காகவே பார்ப்போம். கடையில் 10 பேர், ஒருவர் திருடர், கருவி நூற்றுக்கு 90 தடவை சரியாகச் சொல்லும் என்று வைத்துக்கொள்வோம். நேர்மையான 9 பேரில் ஏறக்குறைய ஒருவரையும் அது பொய்யர் என்று காட்டிவிடும். மாட்டுகிற இரண்டு பேரில் ஒருவர் நிரபராதி. திருடன் என்று ஒரு கடையில் பெயர் வாங்கியவரைச் சிறிய ஊரில் அடுத்த கடைக்காரர் சேர்ப்பாரா?

அமெரிக்காவில் கடை முதலாளிகள் ஆட்களை இப்படிச் சோதிப்பது பரவலாக இருந்தது. 1988-ல் சட்டம் போட்டு, சில விலக்குகள் தவிர, தனியார் முதலாளிகளுக்கு அதைத் தடை செய்தார்கள். நம் உச்ச நீதிமன்றம் 2010 மே 5 அன்று, செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில், சம்மதமில்லாமல் யாரையும் இச்சோதனைக்கு உட்படுத்தக்கூடாது என்று தீர்ப்பளித்தது. சம்மதித்துச் செய்தாலும் சோதனை முடிவைச் சாட்சியமாக ஏற்க முடியாது. சம்மதத்தையும் மாஜிஸ்திரேட் முன்னிலையில் பதிவு செய்ய வேண்டும். போலீசுக்கே இவ்வளவு கட்டுப்பாடு இருக்கும்போது, கடை முதலாளி கட்டாயப்படுத்த ஏது இடம்? செல்போனில் கிடைக்கும் 'பொய் கண்டுபிடிப்பான்' செயலிகளோ வெறும் விளையாட்டுச் சாமான்.

குறைவெல்லாம் திருட்டும் அல்ல. ஈரத்தோடு வந்த நெல்லும் மணிலாவும் கிடங்கில் காயக் காய எடை இறங்கும். வாங்கிய அன்றைய எடையை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் கழித்து ஆளை நிறுத்திக் கேட்பது நியாயமில்லை. சில்லறை கொடுப்பதில் தவறும். கடன் சிட்டை எழுத மறக்கும். வீட்டிலிருந்து வந்தவர் கல்லாவில் கைவிட்டு எடுத்துப் போயிருப்பார். (இந்தக் கடைசி வகை எத்தனை கடைகளில் என்று எழுதினால் நமக்குள்ளேயே சண்டை வரும்!)

கல்லாவில் ஆள் மாறும்போதெல்லாம் பணத்தை எண்ணி, இருவரும் சிறு நோட்டில் கையெழுத்திட ஐந்து நிமிடம் போதும். பங்காளிகளும் அப்படியே, எடுத்த தொகைக்கு வவுச்சர் வைக்கட்டும். பெரிய தொகையாகி, புகார் கொடுக்கும் நிலை வந்தாலும் இந்த நோட்டுதான் கைகொடுக்கும். ஒழுங்காக எழுதிவரும் கணக்குப் புத்தகத்தை நீதிமன்றம் பார்க்கும். ஆனால் அது ஒன்றை மட்டும் வைத்து யார் மேலும் பொறுப்புச் சுமத்தாது. ரசீதும் எதிராளியின் கையெழுத்தும் துணைக்கு வேண்டும்.