பியானோவை நகர்த்தத் தோள்வலிமை மட்டும் போதாது

வீடு மாறும்போது கட்டில், பீரோ, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றை ஏற்ற வரும் அதே வண்டியில், அதே ஆட்களைக் கொண்டு பியானோவையும் ஏற்றிவிடலாம் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. 'நாலு ஆள் பிடித்தால் போதும்' என்பதே பெரும்பாலோர் கூறும் யோசனை. பியானோவுக்கெனப் பயிற்சி பெற்றவர்களை அமர்த்துவது வசதி படைத்தவர்களின் ஆடம்பரம் என்றும் கருதப்படுகிறது. அது ஆடம்பரம் அல்ல. ஓர் இசைக்கருவியின் ஆயுளும் அதைத் தூக்கும் மனிதர்களின் உடலும் சம்பந்தப்பட்ட அடிப்படைத் தேவை என்பதே என் கருத்து.

தமிழகத்துக்குப் பியானோ புதிதல்ல. சென்னையில் 1842-இல் மிஸ்க்வித் என்ற பெயரில் தொடங்கப்பட்டு, இன்று மியூசி மியூசிக்கல் என்று அறியப்படும் நிறுவனம் தலைமுறை தலைமுறையாகப் பியானோ விற்று வருகிறது. தேவாலயங்களிலும் பழைய பள்ளிகளிலும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களின் இல்லங்களிலும் அக்கருவி நெடுங்காலம் இருந்து வந்துள்ளது. இன்று பழைய வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகளாகின்றன. பிள்ளைகள் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் செல்கின்றனர். அறுபது, எழுபது ஆண்டுகளாக ஒரே கூடத்தில் நின்ற பியானோக்கள் இடம் மாறியாக வேண்டிய நிலை. அவற்றில் பலவற்றின் முதல் பயணமே கடைசிப் பயணமாகிவிடுவதுதான் சோகம்.

ஏன் என்பதை அறிய, அதன் உள்ளமைப்பைச் சற்றே பார்க்க வேண்டும். வெளியே தெரிவது பளபளக்கும் மரப்பெட்டி. உள்ளே, 88 கட்டைகளுக்கென ஏறத்தாழ 230 எஃகுக் கம்பிகள் முறுக்கேற்றப்பட்டுள்ளன. அக்கம்பிகளின் மொத்த இழுவிசை 18 முதல் 20 டன் வரை இருக்கும். இந்த இழுவிசையை இரவும் பகலும் தாங்கி நிற்பது வார்ப்பிரும்புச் சட்டம். வார்ப்பிரும்பு பெரும் அழுத்தத்தைத் தாங்கும். ஆனால் திடீர் அதிர்ச்சியைத் தாங்காது. எஃகைப் போல வளையாமல், அது விரிசல் விட்டு உடைந்துவிடும். சட்டம் உடைந்த பியானோவைச் சீராக்குவது, பெரும்பாலும் புதியது வாங்குவதைவிடச் செலவு மிக்கது.

எடையும் சாதாரணமானதல்ல. அப்ரைட் எனப்படும் நிமிர்ந்த வகைப் பியானோ பொதுவாக 200 முதல் 300 கிலோ வரை இருக்கும். மேடைக் கச்சேரிக்கான பெரிய ஸ்டைன்வே கிராண்ட் பியானோவின் எடை 480 கிலோ. எடையைவிட அது பரவியிருக்கும் விதமே ஆபத்தானது. நிமிர்ந்த வகையில் இரும்புச் சட்டம் பின்புறம் இருப்பதால் பாரத்தின் பெரும்பகுதி பின்பக்கம் சாய்ந்திருக்கும். முன்பக்கத்தைச் சற்றே தூக்கினால் அது பின்னோக்கிச் சரியும். சரியத் தொடங்கிய பின் அதைக் கைகளால் தடுத்து நிறுத்த இயலாது. அடியில் உள்ள சிறு சக்கரங்களை நம்பி அறைக்கு அறை உருட்டுவோரும் உண்டு. தரையில் ஓர் ஓட்டின் விளிம்பில் சக்கரம் தட்டி நின்றாலே கால் முறிவதற்கும் கருவி கவிழ்வதற்கும் போதும்.

உலகப் புகழ்பெற்ற கருவிகளும் இதற்கு விலக்கல்ல. கனடா நாட்டுப் பியானோ கலைஞர் கிளென் கூல்ட், சிடி 318 என்ற எண் கொண்ட ஸ்டைன்வே பியானோவைத் தம் கையின் நீட்சியாகவே கருதியவர். 1970-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் கிளீவ்லாந்திலிருந்து திரும்பும் வழியில் அது கீழே விழுந்து இரும்புச் சட்டம் விரிசல் கண்டது. தயாரித்த நிறுவனமே சீரமைத்தும் பழைய தன்மை அதற்குத் திரும்பவில்லை. 1981-இல் பாக்கின் 'கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்' படைப்பை அவர் மீண்டும் பதிவு செய்தபோது வாசித்தது வேறொரு பியானோவை. 2020-இன் தொடக்கத்தில் பெர்லினில் ஏஞ்சலா ஹீவிட்டின் ஃபாட்ஸியோலி பியானோ, ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து வெளியே எடுக்கப்படும்போது விழுந்து உடைந்தது. அதைத் தயாரித்தவரே வந்து பார்த்து, பழுது நீக்குவதில் பயனில்லை என்று கூறிவிட்டார். அதைத் தவறவிட்டவர்கள் தொழில்முறைக் குழுவினர் என்பது கவனிக்கத்தக்கது. பயிற்சி ஆபத்தைக் குறைக்கும், அறவே நீக்காது. பயிற்சி பெற்றவர்களுக்கே இந்த நிலை என்றால், கயிறும் துணிவும் மட்டுமே துணையாக வருபவர்களின் நிலை என்ன?

பயிற்சி பெற்ற குழு செய்வது வேறு. முதலில் அவர்கள் தூக்குவதில்லை, அளக்கிறார்கள். வாசலின் அகலம், படிகளின் எண்ணிக்கை, படித்திருப்பத்தின் இடம், மின்தூக்கியின் கொள்ளளவு ஆகியவற்றை நேரில் பார்த்த பிறகே கட்டணம் கூறுகிறார்கள். கிராண்ட் வகை என்றால், மூடியை இறுக்கிக் கட்டி, மிதிகளைத் தாங்கும் அமைப்பைக் கழற்றுவார்கள். ஒரு காலை மட்டும் அகற்றி, கருவியின் நேரான நீண்ட பக்கம் கீழே வருமாறு, மெத்தையிட்ட பலகையின் மீது மெல்லச் சாய்ப்பார்கள். அதன்பின் மற்ற இரு கால்களும் கழற்றப்படும். கம்பளி சுற்றி, அகலமான பட்டைகளால் பலகையோடு பிணைத்து, நான்கு சக்கரத் தள்ளுபலகையில் நகர்த்துவார்கள். நிமிர்ந்த வகையை நிமிர்ந்தவாறே கொண்டு சென்று, வண்டியின் பக்கச் சுவரோடு சேர்த்துக் கட்டுவார்கள். ஒருவர் மட்டுமே குரல் கொடுப்பார். மற்றவர்கள் அந்தக் குரலுக்கு மட்டுமே அசைவார்கள்.

அந்த ஒரு குரல் இல்லாதபோது என்ன நேரும் என்பதைச் சென்னையில் ஒரு பழைய வீட்டில் நான் பார்த்திருக்கிறேன். முதல் மாடியிலிருந்து பியானோ இறக்கப்பட்டது. தெருமுனையிலிருந்து அழைத்து வரப்பட்ட ஐந்து பேர், ஆளுக்கொரு யோசனை. படித்திருப்பத்தில் மேலே இருந்தவர் சற்றே தளர்த்த, கீழே இருந்தவரின் விரல்கள் சுவருக்கும் கருவிக்கும் இடையே நசுங்கின. 'பியானோவுக்கு ஒன்றும் ஆகவில்லையே?' என்பதுதான் அங்கு எழுந்த முதல் கேள்வி. அந்த மனிதருக்கு அன்றைய கூலியும் கொஞ்சம் மருத்துவச் செலவும் கிடைத்தன. அடுத்து எத்தனை நாள் அவர் வேலைக்குப் போக முடியவில்லை என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பியானோ போக்குவரத்தைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் விடுபடுவது இந்த மனிதர்தான். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1967-ஆம் ஆண்டுப் பரிந்துரை, வளர்ந்த ஆண் தொழிலாளி ஒருவர் சுமக்க அனுமதிக்கப்படும் எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால், அதை விரைவில் அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும் என்கிறது. 240 கிலோ பியானோவை நால்வர் தூக்கினால் ஆளுக்கு 60 கிலோ. அதுவும் சமதரையில் மட்டுமே. படியில் இறங்கும்போது பாரத்தின் பெரும்பகுதி கீழே நிற்பவர்கள் மீது சாயும். தமிழகத்தில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்காக 1982-ஆம் ஆண்டுச் சட்டமும் நல வாரியமும் உள்ளன. ஆனால், அவசரத்துக்கு அழைத்து வரப்படும் ஒருவர் வாரியத்தில் பதிவு செய்தவரா என்று வீட்டுக்காரர் எவரும் விசாரிப்பதில்லை. மலிவாகக் கிடைக்கும் கூலியில் நாம் மிச்சப்படுத்துவது, உண்மையில் அவருடைய முதுகெலும்பிலிருந்து எடுத்துக்கொள்வதுதான்.

பொருள் சேதமானால் இழப்பீடு கிடைக்காதா என்று கேட்கலாம். இங்கேதான் பலர் அறியாத சட்டநிலை ஒன்று உள்ளது. சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007, அதன் கீழ் 2011-இல் வகுக்கப்பட்ட விதிகள் ஆகியவற்றின்படி, சரக்கு நிறுவனத்தின் பொறுப்புக்கு ஒரு வரம்பு உண்டு. கூடுதல் கட்டணம் செலுத்தி அதிகப் பொறுப்பை எழுத்துமூலம் ஏற்கச் செய்யாவிட்டால், இழப்பீடு பொதுவாகக் கட்டணத்தின் பத்து மடங்கைத் தாண்டாது. நாம் அறிவித்த மதிப்பையும் தாண்டாது. ஆறாயிரம் ரூபாய் கட்டணத்தில் ஐந்து லட்சம் ரூபாய் பியானோவை அனுப்பினால், அதிகபட்சம் அறுபதாயிரம் ரூபாயே கேட்க முடியும். கட்டணம் குறையக் குறைய இழப்பீடும் குறைகிறது. ரசீதே இல்லாத வண்டியில் அனுப்பினாலோ, எதை வைத்து வழக்காடுவது என்பதே கேள்விக்குறி. சேதம் குறித்த அறிவிப்பை, பதிவு செய்த நாளிலிருந்து 180 நாள்களுக்குள் எழுத்துமூலம் அளிக்க வேண்டும் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

எனவே, ஒப்பந்தம் செய்யும் முன் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும். இதற்கு முன் பியானோவை நகர்த்தியிருக்கிறார்களா, எந்த வகையை? வீட்டை நேரில் வந்து பார்ப்பார்களா? எத்தனை பேர் வருவார்கள், அவர்களுக்கு விபத்துக் காப்பீடு உண்டா? கருவிக்கான பயணக் காப்பீட்டில், ஏற்றும்போதும் இறக்கும்போதும் நேரும் சேதம் அடங்குமா? வாகனம் ஓடும் நேரத்தை மட்டும் உள்ளடக்கும் காப்பீடு பயன்தராது. பெரும்பாலான விபத்துகள் வாசற்படியில்தான் நேர்கின்றன. கருவியின் மதிப்பை ரசீதில் எழுதச் செய்வதும், புறப்படும் முன் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து வைப்பதும் நம் கடமை. தொலைபேசியிலேயே 'எல்லாம் பார்த்துக்கொள்கிறோம்' என்று தொகை கூறுபவரைத் தவிர்ப்பது நல்லது.

புதிய இடத்தில் சேர்ந்தவுடன் ட்யூனரை அழைக்கும் அவசரமும் வேண்டாம். கம்பிகளின் அதிர்வைப் பெருக்கும் ஒலிப்பலகை மரத்தாலானது. காற்றின் ஈரப்பதத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்குவது. உதகையிலிருந்து சென்னைக்கு வந்த கருவிக்குப் புதிய தட்பவெப்பம் பழக இரண்டு முதல் நான்கு வாரங்கள் தேவை. அதன் பிறகே சுருதி கூட்ட வேண்டும். வெயில் படும் சன்னல் ஓரமும், குளிரூட்டியின் நேர்க்காற்றும் அதற்கு ஆகாதவை.

நல்ல போக்குவரத்துக் குழுவுக்குக் கொடுக்கும் பணம், அவர்களின் தோள்வலிமைக்கான விலை மட்டும் அன்று. அளந்து பார்க்கும் பொறுமைக்கும், எதை முதலில் கழற்ற வேண்டும் என்ற அறிவுக்கும், தவறு நேர்ந்தால் பொறுப்பேற்கும் கடப்பாட்டுக்கும் உரிய விலை. அந்த விலையைக் கொடுக்க இயலாத நிலையில், பியானோவை இப்போதைக்கு இருந்த இடத்திலேயே விட்டுவைப்பது மேல். கருவி சில மாதங்கள் காத்திருக்கலாம். நசுங்கிய விரல்கள் மீண்டும் முன்போல் ஆவதில்லை.