உளி தேயத் தேயச் சிலை

திருச்சியிலிருந்து காவிரியின் வடகரையோடு முசிறி, தொட்டியம் என்று மேற்கே போகிறவர்கள், வாழைத் தோப்புகளைப் பார்த்தபடியே சீனிவாசநல்லூரைத் தாண்டிவிடுகிறார்கள். இறங்க வேண்டிய ஊர் அது. முதலாம் பராந்தகன் (907–955) காலத்துக் குரங்கநாதர் கோயில் அங்கே இருக்கிறது. சிறிய கோயில்தான்; விமானம் சுமார் 50 அடி. குரங்கு தீட்டாக்கிவிட்டதால் குடமுழுக்கே நடக்கவில்லை என்று ஊரில் ஒரு கதை உண்டு. அடித்தளத்தில் யாளி வரிசை, தென்சுவரில் தட்சிணாமூர்த்தி, எல்லாம் கருங்கல்.

இங்கே நிற்கிறபோது சிற்பியை எல்லோரும் நினைப்பார்கள். கொல்லரையும் நினைக்க வேண்டும் என்பேன். கல் ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. அதைச் செதுக்கிய எஃகோ தேய்ந்து, உலையில் காய்ந்து, மறுபடி தேய்ந்து, சுவடில்லாமல் போய்விட்டது.

கருங்கல்லில் குவார்ட்ஸ் கலந்திருக்கிறது. மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7. நன்றாகத் தோய்த்த எஃகுகூட அதை மிஞ்சுவது அரிது. எனவே மரத்தைச் சீவுவதுபோல உளியால் கல்லைச் சீவ முடியாது. ஒவ்வொரு அடியும் நுனிக்குக் கீழே இருக்கும் கல்மணிகளை நொறுக்குகிறது. நுனியும் கூடவே மழுங்குகிறது. மழுங்கிய உளி பட்டறைக்குப் போக வேண்டும். கொல்லர் அதைப் பழுக்கக் காய்ச்சி, நுனியைத் தட்டிக் கூராக்கித் தண்ணீரில் தோய்ப்பார். பிறகு இளஞ்சூட்டில் அதன் மேல் ஓடும் நிறத்தைக் கவனிப்பார். வைக்கோல் மஞ்சள், செம்பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் மாறும். முந்தி நிறுத்தினால் நுனி உடையும், பிந்தினால் வளையும். இந்தக் கண்கணக்கு இல்லாமல் ஒரு யாளியின் பல்லும் உருவாகியிருக்காது.

சிற்பியின் வேலை கல்லைத் தட்டிப் பார்ப்பதில் தொடங்குகிறது. வெண்கல மணிபோல ஒலித்தால் ஆண் கல், மெல்லிய ஒலி தந்தால் பெண் கல், ஓசையே எழாவிட்டால் சிலைக்கு ஆகாது. பாறையில் வரிசையாகக் குழி அடித்து, ஆப்பு இறக்கிப் பிளப்பார்கள். மாமல்லபுரத்தில் அந்தக் குழி வரிசைகளை இன்றும் பார்க்கலாம். பிறகு தாளம் என்ற சிற்ப அளவுக் கணக்கில் அளந்து, நூல் பிடித்துக் கோடு போட்டு, வேண்டாத கல்லைக் கூர் உளியால் கழிப்பார்கள். தட்டை உளி பின்னால்தான் வரும். திருச்சி மலைக்கோட்டையில் மகேந்திரவர்மன் குடைவித்த குகையின் கங்காதரர், மலையோடு சேர்ந்தே செதுக்கப்பட்டவர். அங்கே கை தவறினால் வேறு கல் கொண்டுவந்து வைக்க வழியில்லை. அந்தத் துணிச்சல் இப்போதும் என்னை அசர வைக்கிறது.

இன்றைய சிற்பக் கூடங்களில் உலை குறைந்துவிட்டது. உளி நுனியில் டங்ஸ்டன் கார்பைடு. பெரும்பகுதியைக் கழிப்பது வைரப்பல் பதித்த கிரைண்டர். பல வார வேலை சில நாளில் முடிகிறது. அதில் எனக்குக் குறை இல்லை. தூசுதான் கவலை. உளி அடித்தால் பெரும்பாலும் சில்லாக விழும் கல், கிரைண்டரில் கண்ணுக்குத் தெரியாத பொடியாகி நுரையீரலில் தங்குகிறது. சிலிகோசிஸ் என்ற அந்த நோய் வந்தால் குணமாவதில்லை. தண்ணீர் விட்டு அறுத்தாலே தூசு பெருமளவு அடங்கும். தரமான முகமூடியும் சேர்ந்தால் இன்னும் பாதுகாப்பு. கோயில் திருப்பணிக்கு ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் கல்லின் விலையையும் கூலியையும் குறிக்கிற தாளிலேயே இந்த இரண்டையும் நிபந்தனையாக எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.