சக்கரத் தடம் – 9: சுற்றுப் பிடிக்கும் கணக்கு

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகும் சாலையில், செவிலிமேடு பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் பெரும்பாலும் சமதளம்தான். அப்படிப்பட்ட சாலையில் நாள்தோறும் மிதிப்பவருக்கு நீண்ட நேரம் ஒரே வேகத்தில் போகும் தெம்பு வந்துவிடும். கடைசி 200 மீட்டரில் பாய்ந்து முந்தும் ஸ்பிரிண்ட் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அது இல்லையென்று டிராக் சைக்கிள் பந்தயத்தையே கைவிட நினைப்பவர்களுக்காகத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

பாயிண்ட்ஸ் ரேஸை எடுத்துக்கொள்ளுங்கள். 250 மீட்டர் தடத்தில் பத்துச் சுற்றுக்கு ஒருமுறை ஸ்பிரிண்ட். முதல் நால்வருக்கு 5, 3, 2, 1 புள்ளிகள். கூட்டத்தைவிட ஒரு முழுச் சுற்று முன்னேறி, பின்னாலிருந்து வந்து சேர்ந்துகொண்டால் 20 புள்ளிகள். நான்கு ஸ்பிரிண்ட் வென்றதற்குச் சமம்! டோக்கியோ ஒலிம்பிக்கில், பல போட்டிகள் சேர்ந்த ஆம்னியத்தில் நியூசிலாந்தின் கேம்ப்பெல் ஸ்டூவர்ட், கடைசிப் போட்டியான பாயிண்ட்ஸ் ரேஸில் இப்படிச் சுற்றுப் பிடித்துத்தான் வெள்ளிக்கு உயர்ந்தார்.

கூட்டம் மணிக்கு 48 கிலோமீட்டரில் போகிறது, நீங்கள் 52-இல் போகிறீர்கள் என்றால், 250 மீட்டரைப் பிடிக்க மூன்றே முக்கால் நிமிடம் ஆகும். உங்கள் பயிற்சி முழுவதும் இந்த மூன்றே முக்கால் நிமிடத்துக்காகத்தான். இருபது விநாடி வேகமாகக் கிளம்பி, மூச்சு அடங்காமலே மூன்றரை நிமிடம் அந்த வேகத்தை விடாமல் பிடியுங்கள். ஐந்து நிமிடம் மெல்ல மிதித்துவிட்டு மறுபடியும். ஒரு நாளைக்கு நான்கு முறை, வாரத்துக்கு இரண்டு நாள் போதும். மற்ற நாட்களில் நிதானமான நீண்ட மிதிப்பு. சாலையில் பிரேக் உள்ள சைக்கிள் மட்டுமே. டிராக் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது, அதைத் தடத்துக்கு வெளியே எடுக்கவே கூடாது.

கிளம்பும் நேரமும் முக்கியம். ஸ்பிரிண்ட் முடிந்ததும், பாய்ந்தவர்கள் மூச்சு வாங்கி வேகம் குறைப்பார்கள். அதுதான் உங்கள் நேரம். கடைசியில் வருபவரை ஒவ்வொருவராக வெளியேற்றும் எலிமினேஷன் ரேஸிலோ முன்வரிசையை விட்டு நகராதீர்கள்; வாலில் இருப்பவர் தப்பிப்பதற்கே இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பாய வேண்டியிருக்கும்.

சாலை உடம்பைத் தயார் செய்யும். சரிவான வளைவையும் கூட்டத்துக்குள் இடம் பிடிப்பதையும் தடத்தில்தான் கற்க முடியும். 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த மேலக்கோட்டையூரில், தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழக வளாகத்தில் வெலோட்ரோம் இருக்கிறது. ஆனால் டிராக் சைக்கிளைச் சொந்தக் காசில் வாங்க நெசவாளர் வீட்டுப் பிள்ளையால் முடியாது. மாவட்டத்துக்குப் பத்து சைக்கிளாவது அரசு வாங்கி, புதிதாக வருபவர்களுக்கு இரவல் தர வேண்டும்.

(தொடரும்)