12 கிலோ எடை, 100 சிசி இன்ஜின்... ராட்சத ஆர்சி விமானத்தை மன்னார்குடியில் பறக்கவிடலாமா?

மன்னார்குடி ராஜகோபால சுவாமி கோயிலின் ராஜகோபுரம் சுமார் 154 அடி உயரம். அதன் உச்சியிலிருந்து அரை மூட்டை அரிசி தவறி விழுந்தால் எந்த வேகத்தில் தரையைத் தொடும்? காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், மணிக்கு கிட்டத்தட்ட 110 கி.மீ.

'ஜெயன்ட் ஸ்கேல்' எனப்படும் பெரிய ஆர்சி சாகச விமானம் ஒன்றின் எடை சுமார் 12 கிலோ. அது சாதாரணமாக எட்டும் வேகமும் இதே 110 கி.மீ.தான். ரீல்ஸில் பார்க்கும்போது செம கெத்தாக இருக்கும் இந்த விமானம் கட்டுப்பாட்டை இழந்தால், கோபுர உச்சியிலிருந்து விழும் அந்த அரை மூட்டைக்குச் சமம். அதனால், இதைக் கட்டுவதைவிட சரியாக 'செட்' செய்வதுதான் பெரிய வேலை. எப்படி என்று பார்ப்போம்.

'ஜெயன்ட் ஸ்கேல்' என்றால் என்ன?

ஒற்றை இறக்கை விமானம் என்றால் இறக்கையின் நீளம், முனைக்கு முனை 80 அங்குலமாவது இருக்க வேண்டும். இரட்டை அடுக்கு இறக்கை என்றால் 60 அங்குலம். அமெரிக்காவின் ஐ.எம்.ஏ.ஏ. அமைப்பு வகுத்த இந்த அளவுதான் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது.

சாகச வகையில் அதிகம் கட்டப்படும் மாடல்களில் ஒன்று 'எக்ஸ்ட்ரா 300'. ஜெர்மனியைச் சேர்ந்த வால்டர் எக்ஸ்ட்ரா வடிவமைத்த நிஜ விமானத்தின் சிறிய நகல் இது. 35 சதவீத அளவில் செய்தாலே இறக்கை சுமார் 2.6 மீட்டர் வரும். அதை இழுக்க 100 முதல் 120 சிசி வரையிலான பெட்ரோல் இன்ஜின் தேவை. ஒப்பிட்டுப் பார்க்க: ஸ்ப்ளெண்டர் பைக்கின் இன்ஜின் 97.2 சிசிதான்!

எதில் கட்டுகிறார்கள்?

உடல் பெரும்பாலும் மரம்தான். தென் அமெரிக்காவிலிருந்து வரும் பால்சா என்ற மிக லேசான மரமும், மெல்லிய பிளைவுட்டும் எலும்புக்கூடு. இரண்டு இறக்கைகளையும் இணைப்பது கார்பன் ஃபைபர் குழாய். மேலே போர்த்தும் பிளாஸ்டிக் படலத்தை சின்ன இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால், சுருங்கி இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். டெல்டா வெயிலில் இந்தப் படலம் தளர்ந்து சுருக்கம் விழும் என்பதால், அவ்வப்போது மறுபடி தேய்க்க வேண்டியிருக்கும்.

இன்ஜின், நம்ம ஊர் விவசாயிகளுக்குப் பழக்கமான பவர் ஸ்பிரேயர் போல டூ-ஸ்ட்ரோக் வகை. பெட்ரோலோடு ஆயில் கலக்க வேண்டும். 50-க்கு 1 என்ற விகிதத்தில் கலந்தால், ஒரு லிட்டருக்கு 20 மி.லி. ஆயில். புது இன்ஜினுக்கு சில நிறுவனங்கள் ஆயிலைக் கூட்டச் சொல்லும். அந்தந்த கையேட்டில் உள்ளதுதான் இறுதி.

பட்ஜெட்? கிட், இன்ஜின், ரிமோட், 8 சர்வோ மோட்டார்கள், பேட்டரிகள் எல்லாம் சேர்த்தால் ஒரு நல்ல பைக்கின் விலையைத் தாண்டிவிடும்.

செட்டப்: உயிர் இங்கேதான் இருக்கிறது

*எடை மையம்:* விமானத்தின் மொத்த எடையும் எந்தப் புள்ளியில் சமநிலை ஆகிறது என்பதே எடை மையம். வடிவமைப்பாளர் சொன்ன இடத்துக்கு அது பின்னால் போனால், விமானம் முரட்டு மாடு மாதிரி. ஸ்டிக்கை லேசாகத் தொட்டாலே துள்ளும். பெட்ரோல் டேங்க் காலியாக இருக்கும்போதுதான் இதைச் சரிபார்க்க வேண்டும். இன்ஜினை நகர்த்த முடியாது என்பதால் பேட்டரிகளை முன்னே, பின்னே நகர்த்திச் சரிசெய்வார்கள்.

பறக்கும்போது இதற்கு ஒரு சோதனை உண்டு. 45 டிகிரி கோணத்தில் மேலே ஏற்றி, தலைகீழாகத் திருப்பி, ஸ்டிக்கை விட்டுவிட வேண்டும். மூக்கு வேகமாகத் தரைப் பக்கம் சாய்ந்தால் முன்பாரம் அதிகம். தானாக மேல்நோக்கி வளைந்தால் பின்பாரம் அதிகம். கிட்டத்தட்ட அதே கோட்டில் போனால், சாகசத்துக்கு ரெடி.

*இன்ஜின் கோணம்:* புரொப்பல்லர் சுழலும் விதத்தால் விமானம் இடப்பக்கம் இழுக்கும். அதை ஈடுகட்ட, இன்ஜினை 2 அல்லது 3 டிகிரி வலப்பக்கம் திருப்பிப் பொருத்துவார்கள். பார்த்தால் கோணலாகத் தெரியும். ஆனால், அப்போதுதான் விமானம் நேராகப் போகும்.

*சர்வோ:* இறக்கை, வால் பகுதிகளில் உள்ள அசையும் பலகைகளைத் திருப்பும் சின்ன மோட்டார் இது. '30 கிலோ-செ.மீ.' என்று எழுதியிருந்தால், 1 செ.மீ. நீளக் கையின் முனையில் 30 கிலோ தாங்கும் என்று அர்த்தம். 3டி சாகசத்துக்குப் பலகை 45 டிகிரி வரை திரும்ப வேண்டும் என்பதால் 3 செ.மீ. கை போட்டால், அதே சர்வோ தாங்குவது 10 கிலோதான். பாக்ஸில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

பெரிய விமானத்தில் ஒரே பலகைக்கு இரண்டு சர்வோக்கள் இருக்கலாம். இரண்டும் மில்லிமீட்டர் சுத்தமாக ஒன்றாக அசைய வேண்டும். இல்லையென்றால் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, பேட்டரியைக் குடித்து, நடுவானில் கருகும்.

*ஃபெயில்சேஃப்:* ரிமோட் சிக்னல் அறுந்தால் விமானம் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. இன்ஜின் அணைய வேண்டும், அல்லது குறைந்த வேகத்துக்கு இறங்க வேண்டும். இதை செட் செய்யாத விமானம், சிக்னல் போனாலும் முழு வேகத்தில் பறந்துகொண்டே இருக்கலாம். இக்னிஷனை அணைக்கத் தனி சுவிட்ச், ரிசீவருக்கு இரண்டு பேட்டரிகள் ஆகியவையும் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபத்து நிஜமா?

நிஜம். 27 அங்குல புரொப்பல்லர் நிமிடத்துக்கு 6,500 சுற்று சுற்றினால், அதன் முனையின் வேகம் மணிக்கு சுமார் 840 கி.மீ. ஜெட் விமானம் போகும் வேகம்! அதனால் ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் பின்னால் இருந்து விமானத்தைப் பிடித்தே ஆக வேண்டும். 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில், 19 வயது இளைஞர் ஒருவர் தான் பறக்கவிட்ட ஆர்சி ஹெலிகாப்டரே தாக்கி உயிரிழந்தார். இந்த 12 கிலோ விமானத்தைவிட எடை குறைவான ஹெலிகாப்டர் அது.

சட்டம் என்ன சொல்கிறது?

'இது ட்ரோன் இல்லையே, பொம்மை விமானம்தானே' என்று நினைத்தால் தப்பு. 2021 ஆகஸ்ட் 25-ல் வெளியான ட்ரோன் விதிகளில், ஆளில்லாமல் ரிமோட்டில் பறக்கும் விமானமும் அடங்கும். வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோனுக்கும் இதற்கும் ஒரே விதிப் புத்தகம்தான்.

சலுகையும் உண்டு. 25 கிலோவுக்கு மிகாமல், கல்வி, ஆராய்ச்சி அல்லது பொழுதுபோக்குக்காக, கண் பார்வை எல்லைக்குள் பறக்கும் மாடல் விமானத்துக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால், அத்தோடு எல்லாம் ஃப்ரீ ஆகிவிடாது. 2 முதல் 25 கிலோ வரை 'சிறிய' வகை. அதை இயக்குபவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். இதற்குக் குறைந்தது 18 வயது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, டிஜிசிஏ அங்கீகரித்த மையத்தில் பயிற்சி ஆகியவை தேவை. பதிவு எண், மூன்றாம் நபர் காப்பீடு ஆகியவற்றையும் மறக்கக் கூடாது.

பறக்கும் இடத்தை 'டிஜிட்டல் ஸ்கை' தளத்தின் வரைபடத்தில் பார்க்க வேண்டும். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை தனி அனுமதி தேவையில்லை. பக்கத்து தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. 2020 ஜனவரியில் சுகோய்-30 படைப்பிரிவு அங்கே நிலைகொண்டது. அதனால் டெல்டாவில் எந்தப் பக்கம் போனாலும், வரைபடம் பார்க்காமல் ரிமோட்டை ஆன் செய்யவே கூடாது.

சரி, மன்னார்குடியில் எங்கே, எப்போது?

சம்பா அறுவடை முடிந்ததும் வயல் காலி என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். உண்மையில் அப்போது உளுந்தும் பயறும் நிற்கும். அவையும் கைக்கு வந்த பிறகு, ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து தண்ணீர் வருவதற்கு முன் கிடைக்கும் கோடை வாரங்கள்தான் நிஜமான வாய்ப்பு. அப்போதும் நில உரிமையாளரிடம் அனுமதி கேட்க வேண்டும். வரப்பு குறுக்கிடாத நீளமான சமதளம் வேண்டும். மின்கம்பி, சாலை, வீடு, மேயும் ஆடு மாடு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

வடுவூர் ஏரி, உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயங்கள் இருக்கும் பக்கமே போக வேண்டாம். இரண்டும் 2022-ல் ராம்சர் தலங்களாக அறிவிக்கப்பட்டவை.

புதுசா வர்றவங்க எங்கே தொடங்கலாம்?

நேராக 100 சிசிக்குத் தாவ வேண்டாம். கம்ப்யூட்டரில் சிமுலேட்டர், அடுத்து ஃபோம் டிரெய்னர், பிறகு சின்ன சாகச விமானம், கடைசியில் ஜெயன்ட் ஸ்கேல். சிமுலேட்டரில் நூறு முறை விழுந்தாலும் செலவு பூஜ்யம்.

இது வெறும் பொழுதுபோக்காகவே நின்றுவிடும் என்றும் சொல்ல முடியாது. ஆர்சி விமானங்களில் ஆர்வம் கொண்ட நடிகர் அஜித்குமார், 2018-ல் சென்னை எம்.ஐ.டி.யின் 'தக்ஷா' மாணவர் குழுவுக்கு ஆலோசகரானார். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் நடந்த 'மெடிக்கல் எக்ஸ்பிரஸ்' ஆளில்லா விமானப் போட்டியில் அந்தக் குழு இரண்டாம் இடம் பிடித்தது.

பறக்கும் முன் 5 செக்:

• எடை மையம், காலி டேங்கில் பார்த்தாச்சா?
• எல்லா ஸ்க்ரூவும், சர்வோ இணைப்பும் கையால் அசைத்துப் பார்த்தாச்சா?
• ரிமோட்டை 'ரேஞ்ச் செக்' முறையில் வைத்து, தூரம் நடந்து சோதித்தாச்சா?
• ஃபெயில்சேஃப் வேலை செய்கிறதா? விமானத்தைக் கட்டிவைத்து, ரிமோட்டை அணைத்துப் பார்த்தாச்சா?
• எல்லோரும் விமானிக்குப் பின்னால்தான் நிற்கிறார்களா?

ஐந்தில் ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் இன்று பறக்க வேண்டாம். விமானத்தைக் கழற்றி வண்டியில் ஏற்றுங்கள். வயல் நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும்.