சலூன் உரிமம்: காலத்திற்கேற்ற மாற்றம் வேண்டும்

மதுரை விளக்குத்தூண் பகுதியில் சலூன் சாமான்களை மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். பிளேடு, கத்தரி, சீப்பு, துண்டு, பவுடர், ஹேர் டை வாங்க திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கங்களிலிருந்து முடிதிருத்தும் தொழிலாளர்கள் நம் கடைக்கு வருகிறார்கள். செவ்வாய்க்கிழமை அவர்களுக்கு விடுமுறை. அன்று நமக்கு மூச்சுவிட நேரமிராது. அப்படியொரு செவ்வாயன்று, உரிமம் புதுப்பிப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்த பழைய வாடிக்கையாளர் ஒருவர், "அண்ணாச்சி, நம்ம தொழிலை ஆபத்தானது, அருவருப்பானதுங்கிற கணக்குல வச்சிருக்காங்களாமே, அது ஏன்?" என்று கேட்டார். சட்டென்று பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

அவர் கேட்டது தவறில்லை. 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது. வெடிமருந்து, தோல், எலும்பு போன்ற சரக்குகளை வைத்திருக்கும் இடங்களுக்கு உரிமம் வேண்டும் என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. அந்த வகை உரிமத்திற்கே 'டி அண்ட் ஓ', அதாவது அபாயகரமான, அருவருக்கத்தக்க தொழில்களுக்கான உரிமம் என்று பெயர். சலூனும் அந்தக் கணக்கிலேயே சேர்ந்தது. மதுரை 1971ல் மாநகராட்சியான பின்னும் அந்தப் பேச்சு மாறவில்லை. 2023 ஏப்ரல் முதல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் புதிய விதிகளும் நடைமுறைக்கு வந்துள்ளன. ஆயினும் கடைவீதியில் இன்றும் 'டி அண்ட் ஓ கட்டியாச்சா?' என்றுதான் கேட்கிறார்கள். ஊர் மக்களுக்கு வைத்தியமும் பார்த்து 'மருத்துவர்' என்று பெயர் பெற்ற சமுதாயத்தாரின் தொழிலுக்கு இந்தப் பெயர் தேவைதானா?

பெயர் கிடக்கட்டும். அந்த உரிமம் எதைப் பார்க்கிறது என்பதே நம் கேள்வி. அது இடத்தைப் பார்க்கிறது, கட்டணத்தைப் பார்க்கிறது. கத்தி பிடிக்கிறவருக்கு என்ன தெரியும் என்று பார்ப்பதில்லை. அமெரிக்காவில் இதற்கு நேர்மாறு. அங்கே தொழில் செய்யும் ஆளுக்கே மாநில அரசு உரிமம் தருகிறது. டெக்சாஸ் மாநிலத்தில் 1,000 மணி நேரம் பள்ளியில் பயின்றாக வேண்டும். முடிதிருத்துவோருக்கும் அழகுக்கலையினருக்கும் தனித்தனியாக இருந்த சட்டங்களை அங்கே 2021ல் ஒன்றாக்கினார்கள். தலைமுடி பின்னும் பெண்களுக்கோ, வழக்குகளுக்குப் பின் 2015ல் உரிமமே வேண்டாம் என்று விலக்கிவிட்டார்கள். ஆக, ஆயிரம் மணி நேரம் கேட்ட ஊரே, வீட்டில் கற்ற கைத்தொழிலுக்கு வழிவிட வேண்டியதாயிற்று. அந்த முறையை அப்படியே இங்கே கொண்டு வந்தால், பத்து வயதில் தகப்பனார் பக்கத்தில் நின்று தொழில் கற்றவர் தெருவில் நிற்பார். பெரிய கம்பெனி சலூன்காரர் மட்டுமே மிஞ்சுவார்.

நம் அனுபவத்தில் ஒன்று சொல்வோம். முன்பு நம் கடையில் மடக்குக் கத்தியும் சாணைக்கல்லும் தோல்வாரும் நன்றாக ஓடின. ஒரே கத்தி காலை முதல் இரவு வரை எத்தனை முகங்களைக் கண்டதோ! இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாக 1986ல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. 1994ல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் ஏற்பட்டு, பிரசாரம் கிராமங்களுக்கும் போயிற்று. "புது பிளேடு போடுப்பா" என்று வாடிக்கையாளரே கேட்க ஆரம்பித்தார். தோல்வார் வியாபாரம் நமக்குப் படுத்தது. பிளேடு வியாபாரம் ஏறியது. இதைச் செய்தது உரிமத் தாள் அல்ல.

ஆனால் இன்றைய சலூனில் பிளேடு மட்டுமா இருக்கிறது? கறுப்புச் சாயம் பலவற்றில் பாரா பினைலீன் டையமைன் என்ற ரசாயனம் உண்டு. சிலருக்கு இது முகம் வீங்கும் அளவுக்கு ஒவ்வாமை தரும். போடுமுன் தோலில் சிறிது தடவிப் பார்க்க வேண்டும் என்று பெட்டியிலேயே எச்சரிக்கை இருக்கும். அதைப் படிக்கிறவர் எத்தனை பேர்? முடியை நேராக்கும் கிரீம்கள் சிலவற்றைச் சூடாக்கும்போது பார்மால்டிஹைடு ஆவி வரும். நாள் முழுதும் அதைச் சுவாசிப்பவர் தொழிலாளிதான். வீட்டு முன்னறையில் பியூட்டி பார்லர் நடத்தும் பெண்களுக்கும் இதே கதி. நாமும் யோக்கியமில்லை. லேபிள் சரியில்லாத மலிவுச் சாயத்தை, லாபம் கருதி அலமாரியில் வைத்திருந்தது உண்டு. அதை நிறுத்திவிட்டோம், நிறுத்தாதவர்களும் நம் தெருவில் இருக்கிறார்கள்.

2025 ஜூலையில் கிராம ஊராட்சிகளிலும் சலூன், டீக்கடை, தையல்கடை உள்பட எல்லாத் தொழிலுக்கும் உரிமம் என்று விதி வந்தது. எதிர்ப்புக் கிளம்பவே நிறுத்தி வைக்கப்பட்டது. ஆலமரத்தடியில் ஒரு நாற்காலி போட்டுப் பிழைப்பவரிடம் என்ன உரிமம் கேட்பது என்று நாமும் கோபப்பட்டோம். இருந்தாலும், விதியே வேண்டாம் என்பது நம் கட்சியல்ல. கட்டணம் மட்டும் கேட்கும் விதி வேண்டாம் என்கிறோம்.

உரிமம் தர வருகிற சுகாதார அலுவலர் பிளேடு மாற்றுகிறார்களா, துண்டு துவைக்கிறார்களா, கத்தரி சீப்பைக் கிருமிநாசினியில் போடுகிறார்களா, சாயம் சோதிக்கிறார்களா என்று பார்க்கட்டும். தெரியாதவருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை, தமிழில், கூலி இழப்பின்றிச் சொல்லிக் கொடுக்கட்டும். முன் அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஏற்பாடு மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் ஏற்கெனவே உண்டு. அதை உரிமத்தோடு இணைத்தால் புதிய பள்ளியும் வேண்டாம், புதிய வாரியமும் வேண்டாம்.

இதற்கிடையே வரி விஷயம் ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் சலூன் சேவைக்கான ஜி.எஸ்.டி. 18லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் உள்ளீட்டு வரி வரவு கிடையாது. ஹேர் டைக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. பதிவு பெற்ற பெரிய சலூன்காரர்கள் 'இனி பில் எதற்கு?' என்று கேட்கத் தொடங்கியுள்ளனர். பில் இல்லாச் சரக்கில்தான் லேபிள் இல்லாச் சாயமும் வரும் என்பதை நம் மொத்த வியாபாரிகள் கவனிக்க வேண்டும்.

அந்த வாடிக்கையாளர் அடுத்த செவ்வாயும் வந்தார். பட்டியலின் கதையைச் சொன்னோம். "வெடிமருந்துக்குப் பக்கத்துலயா நம்மை வச்சாங்க?" என்று சிரித்துவிட்டு, இரண்டு பெட்டி பிளேடும் கிருமிநாசினி ஒரு கேனும் வாங்கிக்கொண்டு போனார்.