முதல் ஜோடி நமக்கு

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்ததும் எங்கள் தெருச் சமுதாயக் கூடத்துத் திண்ணைக்கு வந்துவிடுகிறோம். ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டு. தட்டில் ஒரு துண்டு பழைய வேட்டித் துணி. துணியின் மேல் கடுகு போலப் பாசிமணிகள். துணி விரிக்காவிட்டால் மணி உருண்டு திண்ணை இடுக்கில் போய்விடும், பிறகு தேட முடியாது.

நடுவில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். அதற்குள் மடித்த சீட்டுகள். ஒருவர் ஒரு சீட்டை எடுத்து உரக்கப் படிப்பார். ‘கண்மாய்’ என்று இருக்கும். அல்லது ‘வெங்காயத் தோல்’, ‘அம்மாவின் சேலைக் கரை’, ‘முண்டு மிளகாய்’. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தச் சொல்லுக்கு ஆளுக்கொரு ஜோடிக் கம்மல் செய்து வர வேண்டும். இதுதான் எங்கள் வாராந்தரப் பந்தயம். இதில் முதல் பரிசு கிடையாது, தோற்றவரும் கிடையாது. செய்து வராதவர் அன்றைக்கு எல்லோருக்கும் டீ போட வேண்டும், அவ்வளவுதான்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் வைகைக் கரையை ஒட்டியது எங்கள் காலனி. நாங்கள் பதினோரு பேர். வயல் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர்கள், கல்லூரியில் படிக்கிற இரண்டு பெண்கள், அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அக்கா, எண்பதைத் தாண்டிய ஓர் அப்பத்தா.

கூலிக்குக் கோத்தது வேறு

மணி கோப்பது எங்களுக்குப் புதிதல்ல. டவுன் வியாபாரி ஒருவர் மணி, நூல், மாதிரி எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுப்பார். டஜன் கணக்கில் கோத்துக் கொடுத்தால் கூலி. மாதிரியில் பச்சை என்றால் பச்சை, சிவப்பு என்றால் சிவப்பு. ஒரு மணி இடம் மாறினாலும் திருப்பிவிடுவார். பல வருடம் அப்படிக் கோத்தும், நாங்கள் செய்த கம்மல் ஒன்றுகூட எங்கள் காதில் ஏறியதில்லை. எண்ணிக் கொடுத்த மணிக்குக் கணக்கு காட்ட வேண்டும். மிச்சம் பிடித்தால் திருட்டு என்று பெயர்.

ஒரு நாள் கல்லூரிப் பெண்களில் ஒருத்தி கேட்டாள்: “நாமளா நினைச்சு ஒரு கம்மல் செய்யச் சொன்னா, என்ன செய்வோம்?” யாருக்கும் பதில் தெரியவில்லை. கை ஓடியதே தவிர, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் வைப்பது என்று எங்களை யாரும் கேட்டதே இல்லை. அந்தக் கேள்வியிலிருந்துதான் சீட்டு டப்பா வந்தது.

விதிகள் நான்கு வைத்துக்கொண்டோம். அந்த வாரத்துக்கென்று புது மணி வாங்கக் கூடாது, இருப்பதை வைத்துச் செய்ய வேண்டும். பிரித்துக் கோத்தால் அது குறையல்ல. அடுத்தவர் செய்ததைப் பார்த்து அப்படியே செய்யக் கூடாது. நான்காவதுதான் முக்கியமானது: ஒவ்வொரு மாதிரியிலும் முதல் ஜோடி செய்தவர் காதுக்கு. விற்பனை என்றால் இரண்டாவது ஜோடியிலிருந்துதான்.

செங்கல் அடுக்கும் தொங்கலும்

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். பாசிமணிக்கு எண் உண்டு. எண் கூடக் கூட மணி சிறிதாகும். 8-ஆம் எண் மணி ஏறக்குறைய 3 மில்லிமீட்டர், 11-ஆம் எண் 2 மில்லிமீட்டர், 15-ஆம் எண் அதைவிடப் பொடி. கம்மலுக்கு 11 சரியாக இருக்கும். கண் மங்கியவர்கள் 8-ல் தொடங்கலாம். ஜப்பான், செக் நாட்டு மணிகள் ஒரே அளவாக இருக்கும், ஆனால் விலை அதிகம். நம் நாட்டு மணி மலிவு, அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பொறுக்கி எடுத்துவிட்டால் குறையில்லை. சாதாரணத் தையல் ஊசியின் கண் மணிக்குள் நுழையாது, மணி கோக்கும் மெல்லிய ஊசி தனியாகக் கிடைக்கிறது. நூலுக்கு நைலான். கடற்கரைப் பக்கத்தில் இருப்பவர்கள் தூண்டிலுக்குப் போடும் மெல்லிய தங்கூசியிலும் கோக்கிறார்கள். அதற்கு ஊசியே தேவையில்லை.

சுவரில் செங்கல் அடுக்குவது போலத்தான் வேலை. முதல் வரிசையில் எட்டு மணிகளைப் பக்கம் பக்கமாக நிறுத்தித் தைக்க வேண்டும். இரண்டு மணிகளுக்கு நடுவே மேலே ஒரு நூல் பாலம் தெரியும். அடுத்த வரிசை மணியை அந்தப் பாலத்தில் மாட்டி உட்கார வைக்க வேண்டும். அதனால் வரிசைக்கு ஒரு மணி குறைந்துகொண்டே போகும்: எட்டு, ஏழு, ஆறு, ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு. மொத்தம் 35 மணியில் ஒரு முக்கோணம். அதன் உச்சியில் கொக்கி. அடிவரிசையின் ஒவ்வொரு மணியிலிருந்தும் ஒரு தொங்கல். தொங்கலின் கடைசி மணியை மட்டும் விட்டுவிட்டு ஊசியை மேலே திருப்ப வேண்டும். அந்தக் கடைசி மணிதான் மற்ற எல்லா மணியையும் கழன்று விழாமல் தாங்குகிறது.

கொக்கியில் கஞ்சத்தனம் கூடாது. மலிவுக் கொக்கியில் நிக்கல் கலந்திருக்கும், சிலருக்குக் காது அரித்துப் புண்ணாகிவிடும். துருப்பிடிக்காத எஃகுக் கொக்கி நல்லது.

ஒரு கம்மல் செய்வது சுலபம். அதற்கு ஜோடி செய்வதுதான் பாடு. ஒரு காதுக்குச் செய்து முடித்த மகிழ்ச்சியில் நூலை இழுத்துப் பிடித்தால் இரண்டாவது சுருங்கிவிடும், தளர விட்டால் தொங்கிவிடும். முதல் மாதத்தில் எங்களில் பாதிப் பேரின் கம்மல் ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. அப்படியே போட்டுக்கொண்டுதான் வந்தோம்.

எட்டுத் தொங்கல்

ஒரு வாரம் சீட்டில் ‘அப்பத்தா’ என்று வந்தது. எழுதிப் போட்டது யார் என்று தெரியவில்லை. அப்பத்தாவே எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவர் காதைப் பார்த்தோம். காது வளர்த்த தலைமுறை. தோள் வரை தொங்கும் காது, அதில் ஒன்றும் இல்லை. “பாம்படம் போடத்தான் காதை வளத்தாக. போட வசதியில்ல. எங்க ஆத்தா காலத்துல வசதி இருந்தாலும் போட விட்டிருக்க மாட்டாக. ஓலையச் சுருட்டி வச்சுக்கிட்டாக” என்றார்.

போட விடாதது வெறும் பேச்சுக்குச் சொன்னதல்ல. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன் சாதி பற்றிய தன் நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். 1930 டிசம்பரில் அன்றைய ராமநாதபுரம் சீமையில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியமும் ஆடு மாடும் சூறையாடப்பட்டன. அந்த எட்டில் முதல் தடையே தங்கம், வெள்ளி நகை அணியக் கூடாது என்பதுதான். அடுத்த ஆண்டு ஜூனில் எட்டு, பதினொன்றாக நீண்டது.

கல்லூரிப் பெண் அந்தப் பட்டியலை நூலகத்தில் படித்துக் குறித்து வந்தாள். அடுத்த ஞாயிறு அவள் கொண்டுவந்த கம்மலில் எட்டுத் தொங்கல்கள். நகைக்குப் பொன் நிறம். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது என்றதற்கு வெள்ளை. சட்டை, பனியன் கூடாது என்றதற்கு நீலம். முடி வெட்டிக்கொள்ளக் கூடாது என்றதற்குக் கறுப்பு. மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக் கூடாது என்றதற்குச் செம்பு நிறம். பெண்கள் ரவிக்கை, தாவணி போடக் கூடாது என்றதற்குச் சிவப்பு. பூவும் மஞ்சளும் கூடாது என்றதற்கு மஞ்சள். குடையும் செருப்பும் கூடாது என்றதற்குப் பழுப்பு. தொங்கலுக்குப் பன்னிரண்டு மணி. எட்டும் ஒரே நீளம். “எந்தத் தடை பெருசு, எந்தத் தடை சின்னதுன்னு என்னால பிரிக்க முடியல. அதான் எல்லாம் ஒரே அளவு” என்றாள்.

ஒரு காதுக்கு 131 மணி, ஜோடிக்கு 262. அப்பத்தாவின் காது ஓட்டைக்குக் கொக்கி நிற்காது. அவருக்கென்று வளையம் பெரிதாக வைத்து இன்னொரு ஜோடி செய்தோம். போட்டுக்கொண்டு கண்ணாடி கேட்டார். ஒவ்வொரு தொங்கலாகத் தொட்டு, இது எதுக்கு, இது எதுக்கு என்று கேட்டுக்கொண்டே வந்தார். சிவப்புத் தொங்கலுக்கு வந்ததும் பேசாமல் இருந்துவிட்டார்.

அறுத்தெறிந்த மணி

அன்றைக்குத்தான் எங்களுக்குள் வாக்குவாதமும் வந்தது. அங்கன்வாடி அக்கா தட்டை நகர்த்தி வைத்தார். “மணியக் கழட்டி எறிஞ்சவுக நம்ம ஆளுக. திரும்ப எடுத்துக் காதுல மாட்டுறீகளே, சரியா இது?” என்று கேட்டார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. திருவிதாங்கூரில் புலையர் சமூகப் பெண்கள் கல்லும் மணியும் கோத்த மாலைகளைத்தான் கழுத்தில் போட வேண்டும் என்று கட்டுப்பாடு இருந்தது. அது அழகுக்கல்ல, ஆளை அடையாளம் காண. அய்யன்காளியின் அழைப்பை ஏற்று அந்த மாலைகளைக் கழற்றத் தொடங்கியபோது, 1915-ல் கொல்லம் அருகே பெரிநாட்டில் கலவரம் வெடித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் கொல்லத்தில் கூடிய பெரும் கூட்டத்தில், எல்லோர் கண் முன்னாலும் பெண்கள் மாலைகளை அறுத்தெறிந்தார்கள். கல்லுமாலைப் போராட்டம் என்று வரலாறு அதைச் சொல்கிறது. 1927 டிசம்பரில் மகாட்டில் பெண்களிடம் பேசிய அண்ணல் அம்பேத்கரும் இதையே கேட்டுக்கொண்டார். தீண்டப்படாதவர் என்று காட்டிக்கொடுக்கும் சேலைக்கட்டையும், கை நிறைய அடுக்கிய வெள்ளி நகைகளையும் விட்டுவிடச் சொன்னார்.

ஆக, நம் சீமையில் நகை போடக் கூடாது என்றார்கள். கேரளத்தில் மணியைத்தான் போட வேண்டும் என்றார்கள். இரண்டும் ஒரே ஆணைதான்: உன் உடம்பில் என்ன இருக்க வேண்டும் என்பதை நீ முடிவு செய்யக் கூடாது. கொல்லத்துப் பெண்கள் அறுத்தது அந்த ஆணையைத்தான் என்பது எங்கள் வாதம். மணியின் மேல் குற்றம் இல்லை. இதே வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்திலுள்ள அழகன்குளத்தில், பழங்கால மணிகளை அகழாய்வில் எடுத்திருக்கிறார்கள். கண்ணாடியை உருக்கிக் குழலாக இழுத்து, நறுக்கி மணி செய்யும் தொழில் அரிக்கமேட்டில் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது. நெருப்பின் முன்னால் உட்கார்ந்து அந்த மணியைச் செய்தவர்களும் உழைக்கும் மக்கள்தான்.

அக்கா முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. இன்றுவரை அவர் காதில் ஒரு சின்னத் தங்கத் தோடு மட்டும்தான். “அம்பேத்கர் போடச் சொன்னது இதத்தான்” என்பார். ஆனால் ஒரு வாரமும் தவறாமல் கோத்து வருகிறார். முதல் ஜோடியைப் பேத்திக்குக் கொடுத்துவிடுகிறார். விதியில் அவருக்கு மட்டும் அந்தச் சலுகை.

எந்தத் தெரு?

விற்கப் போனபோது ஒன்று நடந்தது. டவுனில் ஒரு ஃபேன்ஸி கடையில் மூன்று டஜன் ஜோடி கொடுத்தோம். கடைக்காரர் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, வேலை சுத்தமாக இருக்கிறது என்றார். பில் எழுதும்போது ஊரைக் கேட்டார். சொன்னோம். “ஊர்ல எந்தத் தெரு?” என்றார். அதையும் சொன்னோம். மறுநாளே ஆள் அனுப்பி, சரக்கு நகரவில்லை என்று திருப்பிவிட்டார். நாங்கள் ஒட்டிய பிளாஸ்டிக் உறை ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. எட்டுத் தடைகளின் பட்டியலில் இது இல்லை. ஆனாலும் தடைதான்.

இரண்டு வாரம் யாருக்கும் கை ஓடவில்லை. மூன்றாவது வாரம் வந்த சீட்டு ‘எந்தத் தெரு’. பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, திரும்பி வந்த மணிகளையே அவிழ்த்துக் கோத்தோம். இப்போது மகளிர் குழு கண்காட்சிகளில் மேசை போடுகிறோம். மாவட்டத் தலைநகரில் உள்ள பூமாலை வணிக வளாகங்களில் குழுக்களின் பொருட்களை விற்கலாம். தொழிலைப் பெரிதாக்க நினைப்பவர்களுக்குத் தாட்கோ வழியாகக் கடனும் மானியமும் உண்டு. எங்கள் மேசையில் ஊர்ப் பெயர், தெருப் பெயர் இரண்டையும் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம். வாங்குகிறவர் தெரிந்தே வாங்கட்டும்.

வருமானம் பெரிதாக இல்லை. வயல் வேலையை யாரும் விடவில்லை. ஆனால் காதுகுத்துக்கு ஒரு குண்டுமணித் தங்கம் வாங்கக் கடன் தேடி அலையும் வீடுகளில், பிள்ளையின் காதுக்கு அம்மாவே யோசித்து, அம்மாவே நிறம் பார்த்து, அம்மாவே கோத்த ஒரு ஜோடி இருக்கிறது. ‘இப்படிச் செய்’ என்று யாரும் மாதிரி கொடுக்காத ஜோடி அது. எங்கள் வாரத்தில் அந்த ஒரு வேலைக்கு மட்டும் மேஸ்திரி கிடையாது.

தொடங்க விரும்புகிறவர்கள் இரண்டு நிறத்தில் தொடங்குங்கள். ஒரு தட்டு, ஒரு துணி, ஓர் ஊசி, நாலு பேர் போதும். முதல் ஜோடியை விற்றுவிடாதீர்கள்.

போன ஞாயிறு அப்பத்தா எடுத்த சீட்டு: ‘குடை’.